கணினிக்குள் ஒரு தபாலாபீஸ்

ஒரே கூரையின் கீழ் வாழ்கின்ற இருவர் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொள்வதுண்டா? கூடத்தில் இருப்பவர் அடுக்களையில் இருப்பவருக்கு ஒன்று சொல்ல வேண்டுமானால் குரல் கொடுத்தாலே போதும். தபாலும் தபால்காரரும் ஊர்விட்டு ஊர் போகின்ற செய்திக்கே வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். ஆயினும், மின்னஞ்சல் என்று இன்று வழங்கும் பெருந்தொடர்பு கடல் கடந்து செல்வதற்காகப் பிறந்ததன்று. ஒரே கணினியில் குடியிருந்தவர்கள் தம்முள் எழுதி வைத்துக்கொண்ட சீட்டாகவே அது தோன்றிற்று. அயலூர் செல்லும் ஆற்றல் பின்னர் வந்தது. அந்தப் பழைய வீட்டுத் தபால் இன்னும் மறையவில்லை. லினக்ஸ் இயங்குகின்ற மேஜைக் கணினி வைத்திருக்கும் மாணவர் எவரும் இன்று மாலையே அதை உயிர்ப்பித்துப் பார்க்கலாம். அதன் வரலாற்றையும், அதைப் புறக்கணித்து நான் பட்ட பாட்டையும் இப்பொழுது கூறுகிறேன்.

நேயர்களே, 1960-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் கணினி என்பது ஓர் அறை முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்த யந்திரம். கணக்கைத் துளையட்டைகளில் பொறித்துக் கொடுத்துவிட்டு, விடைக்காக மணிக்கணக்கில், சில வேளை மறுநாள் வரையிலும் காத்திருக்க வேண்டும். அமெரிக்காவிலுள்ள மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கார்பட்டோ என்பாரும் அவர் தோழர்களும் இந்நிலையை மாற்ற முயன்றனர். ஒரே யந்திரம் பலருக்குச் சிறுசிறு நேரத்துண்டாகப் பணிபுரிந்து, ஒவ்வொருவருக்கும் தாமே அதன் தனியுரிமையாளர் என்னும் எண்ணத்தை உண்டாக்குமாறு செய்தனர். 1961 நவம்பரில் அவர்கள் செய்து காட்டிய அம்முறைக்குக் காலப்பகிர்வு என்று பெயர். சி.டி.எஸ்.எஸ். என்று சுருக்கி அழைக்கப்பட்ட அவ்வமைப்பில், ஐ.பி.எம். 7094 என்னும் யந்திரத்தின்மேல், ஒரே சமயத்தில் சுமார் 30 பேர் பணியாற்ற முடிந்தது.

யந்திரத்தைப் பகிர்ந்துகொண்டவர்கள் வேலை செய்யும் நேரத்தைப் பகிர்ந்துகொள்ளவில்லை. ஒருவர் பகலில் வருவார். மற்றவர் நள்ளிரவில் வருவார். ஒருவரையொருவர் காணாமலே ஒரே வீட்டில் குடியிருக்கும் நிலை அது. ஆகவே, பொது இடத்தில் ஒரு கோப்பை விட்டு, அதற்கு ‘டாமுக்கு’ என்பது போலப் பெயரிட்டுச் செல்லும் பழக்கம் எழுந்தது. திண்ணையில் சீட்டெழுதி வைத்துவிட்டுப் போவதை ஒத்தது இது. வழியே போகிறவர் எவரும் எடுத்துப் படித்துவிடலாம் என்பது இதிலிருந்த குறை.

1964-ஆம் ஆண்டின் முடிவை ஒட்டியோ, 1965-இன் தொடக்கத்திலோ லூயி பூசான், கிளெண்டா ஷ்ரோடர், பாட் கிரிஸ்மன் ஆகிய மூவர் ஒரு குறிப்புரை எழுதினர். ஒரு பயனர் மற்றொரு பயனருக்குத் தனிச்செய்தி அனுப்பவும், பெறுபவர் தமக்கு வாய்க்கும்போது அதைப் படித்துக்கொள்ளவும் ஒரு கட்டளை வேண்டும் என்பது அவர்கள் கருத்து. அதற்கு அவர்கள் காட்டிய பயன்களுள் ஒன்றை நீங்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஒருவருடைய கோப்புகளுக்குக் காப்புப்படி எடுக்கப்பட்டது என்பதை அமைப்பே அவருக்குத் தெரிவிக்க இக்கட்டளை உதவும் என்று அவர்கள் எழுதியிருந்தனர். ஆக, முதல் மின்னஞ்சலைக் கற்பனை செய்தபோதே, மனிதன் மனிதனுக்கு எழுதுவதோடு, யந்திரம் மனிதனுக்கு எழுதுவதும் அக்கற்பனையில் இடம்பெற்றிருந்தது.

குறிப்புரை எழுதியாயிற்று, கட்டளையை எழுத ஆளில்லை. அவ்வாண்டில் அங்கே புதிதாகப் பணியில் சேர்ந்திருந்த டாம் வான் வ்லெக், நோயல் மாரிஸ் என்னும் இளைஞர் இருவர், இது எப்பொழுது வரும் என்று வினவினர். எவருக்கும் ஓய்வில்லை என்ற விடை கிடைத்தது. நாங்கள் எழுதலாமா என்று கேட்டனர், இசைவு கிடைத்தது. 1965-ஆம் ஆண்டுக் கோடையில் ‘மெயில்’ என்னும் கட்டளை பிறந்தது. பெறுபவரின் இடத்தில் ‘மெயில் பாக்ஸ்’ என்னும் பெயருடைய ஒரு கோப்பில் அது செய்தியைச் சேர்த்து வைத்தது. அவ்வளவுதான். கம்பியில்லை, அஞ்சல் நிலையமில்லை, தூரமில்லை. ஒரு கோப்பில் சில வரிகளைச் சேர்க்கின்ற வேலைதான் உலகின் முதல் மின்னஞ்சல் பட்டுவாடா. சில ஆண்டுகள் கழித்து, 1971-இல், அங்கிருந்த பொறியாளர் ஒருவர் வியத்நாம் போரைக் கண்டித்து ஒரு நெடிய செய்தியை அனைத்துப் பயனருக்கும் ஒருங்கே அனுப்பிவிட்டார் என்பதும், அது தகாது என்று வான் வ்லெக் கூறியபோது, இது முக்கியமான செய்தியாயிற்றே என்று அவர் விடையிறுத்தார் என்பதும் சுவையான செய்திகள். வேண்டாத கடிதத்தின் வரலாறும் மின்னஞ்சலின் வரலாற்றோடு ஏறத்தாழ ஒட்டிப் பிறந்ததே.

இனி யூனிக்ஸுக்கு வருவோம். பெல் ஆய்வகத்தில் 1969-இல் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் தொடங்கிய இயங்குதளம் அது. 1971 நவம்பர் 3 என்று தேதியிட்ட அதன் முதற்கையேட்டிலேயே ‘மெயில்’ என்னும் கட்டளை இடம்பெற்றிருக்கிறது. பயனர் உள்ளே நுழைந்தவுடன், உமக்குத் தபால் இருக்கிறது என்று ஒரு வரி தோன்றும். பின்னாளில், 1979-இல் வெளிவந்த ஏழாம் பதிப்பில், ஒவ்வொருவருடைய பெட்டியும் ‘ஸ்பூல்’ என்னும் பொது அடைவின்கீழ் வரிசையாக வைக்கப்பட்டது. அந்த அடைவின் வழித்தோன்றலே இன்று லினக்ஸில் ‘வார்’ என்னும் அடைவுக்குள் ‘மெயில்’ என்ற பெயரோடு இருக்கிறது.

பெட்டி என்று சொன்னேனே, அது பெட்டியன்று. ஒரே நீண்ட எழுத்துக்கோப்பு. எல்லாக் கடிதங்களும் ஒன்றன்பின் ஒன்றாக அதில் ஒட்டப்பட்டிருக்கும். ஒரு கடிதம் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று அறிவது எங்ஙனம்? ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் ‘ஃப்ரம்’ என்னும் சொல்லும், ஓர் இடைவெளியும், அனுப்பியவர் பெயரும், தேதியும் கொண்ட ஒரு வரி முத்திரைபோலக் குத்தப்படும். வரியின் தொடக்கத்தில் அச்சொல்லைக் கண்டால் புதுக்கடிதம் என்று கொள்ள வேண்டும். மாணவர்களே, இதிலுள்ள இடர் உங்களுக்குத் தோன்றுகிறதா? ஆங்கிலத்தில் எழுதும் ஒருவர் தம் கடிதத்தின் நடுவே ஒரு வரியை அதே சொல்லால் தொடங்கினால் என்னாவது? ஒரு கடிதம் இரண்டாகப் பிளந்துவிடும்! இதைத் தடுக்க, உள்ளே வருகின்ற அத்தகைய வரியின் முன்னால் ஓர் அம்புக்குறியைச் சேர்த்துவிடும் வழக்கம் ஏற்பட்டது. எழுதியவர் எழுதாத ஒரு குறி, அவர் அறியாமலே அவர் கடிதத்தில் நுழைந்துவிடுகிறது. 50 ஆண்டுகளுக்கு முன் கைக்கு எளிதாக இருந்த ஒரு முடிவு, இன்றளவும் சில கடிதங்களில் அம்புக்குறியாக நின்றுகொண்டிருக்கிறது. பழைய வீடுகளில், காரணம் மறந்துபோன பின்னும் இடிக்கப்படாமல் நிற்கும் குறுஞ்சுவரைப் போன்றது அது.

அதே 1971-இல்தான் ரே டாம்லின்சன் என்பவர் மின்னஞ்சலை ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்குச் செலுத்தினார். அவர் பணிபுரிந்த பி.பி.என். நிறுவனத்தில் ‘சென்ட்மெசேஜ்’ என்று சொல்லத்தக்க ஓர் ஆணைநிரல் முன்பே இருந்தது. அதுவும் உள்ளூர்ப் பட்டுவாடா செய்வதே. ஒரே யந்திரத்திலுள்ள இன்னொருவரின் கோப்பில் செய்தியைச் சேர்ப்பதே அதன் தொழில். கோப்புகளை ஆர்ப்பாநெட் என்னும் வலையின் வழியே நகர்த்தும் வேறொரு நிரலும் அவரிடம் இருந்தது. உள்ளூர்க் கோப்பில் வரிகளைச் சேர்க்க முடியுமானால், அயலூர்க் கோப்பில் ஏன் சேர்க்கக்கூடாது என்று அவர் எண்ணினார். இரண்டையும் இணைத்தார். ஆளின் பெயரையும் யந்திரத்தின் பெயரையும் பிரிப்பதற்கு இன்று நாம் அறிந்த அந்தச் சுழிக்குறியைத் தேர்ந்துகொண்டார். அருகருகே நின்ற இரு யந்திரங்களுக்கிடையில், வலையைச் சுற்றிக்கொண்டு, முதற்கடிதம் சென்றது. உள்ளூர்த் தபாலே மூலம். வெளியூர்த் தபால் அதன் நீட்சி என்று நான் தொடக்கத்தில் கூறியது இதனாலேயே.

இவ்விடத்தில் ஒரு வார்த்தை. மின்னஞ்சலைக் கண்டுபிடித்தவர் ஒரு தமிழர் என்று நம் மாணவர் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். தமிழ்க் குடும்பத்தில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த வி. ஆ. சிவா அய்யாதுரை, பள்ளி மாணவராயிருந்த 1978-இல், நியூ ஜெர்சியிலுள்ள மருத்துவக் கல்வி நிறுவனம் ஒன்றின் அலுவலகக் கடிதப்போக்குவரத்துக்காக ஒரு நிரல் எழுதத் தொடங்கினார். 1982-இல் அதற்குப் பதிப்புரிமை பெற்றார். பதினான்கு வயதில் அது பெருஞ்செயல் என்பதில் ஐயமில்லை. ஆனால், 1965-உம் 1971-உம் 1978-க்கு முந்தியவை என்பதிலும் ஐயமில்லை. வரலாறு கற்பிப்பவன் தேதிக்குத்தான் முதல் வணக்கம் செலுத்த வேண்டும். உறவுக்கு அதன் பின்னரே.

கலிபோர்னியாவிலுள்ள பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எழுபதுகளின் இறுதியில் ஒரு நெருக்கடி தோன்றிற்று. ஆர்ப்பாநெட்டோடு இணைந்திருந்த யந்திரம் ஒன்றே ஒன்று. அதைப் பயன்படுத்த விரும்பியவர்களோ பலர். எரிக் ஆல்மன் என்னும் மாணவர், அனைவரையும் அந்த யந்திரத்துக்குள் நுழைய விடுவதைவிட, அவர்களுடைய கடிதங்களை மட்டும் அவரவர் யந்திரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எளிது என்று கண்டார். 1979-இல் அவர் எழுதிய ‘டெலிவர்மெயில்’ அவ்வாறு வந்தது. பல வலைகள், பலவகை முகவரிகள் என்று தொல்லை பெருகவே, அதைத் திருத்தி விரித்து ‘சென்ட்மெயில்’ ஆக்கினார். 1983-இல் அது பெர்க்லி யூனிக்ஸோடு பரவியது. இதற்கிடையே, 1982 ஆகஸ்டில், ஜான் போஸ்டல் தொகுத்த எளிய அஞ்சல் மாற்று நெறி வெளியாகியிருந்தது. ஒரு யந்திரம் மற்றொன்றின் கதவைத் தட்டி, வணக்கம் கூறி, இன்னாரிடமிருந்து, இன்னாருக்கு, இதோ கடிதம் என்று நான்கே சொற்களில் பேசி முடிக்கும் உரையாடல் அது. அதற்கென ஒதுக்கிய கதவின் எண் 25.

சென்ட்மெயில் எம்முகவரியையும் எவ்வடிவிலும் மாற்றவல்லது. ஆனால், அதை அமைக்கும் கோப்போ படிப்பவர் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருக்கும். அதற்கு விளக்கமாக வெளிவந்த நூலின் இரண்டாம் பதிப்பு 1997-இல் ஆயிரம் பக்கங்களைத் தாண்டிற்று. அதைக் காட்டிலும் பெருங்குறை, ஒரே பெரிய நிரல் யந்திரத்தின் முழு அதிகாரத்தோடும் இயங்கியமை. தபால்காரர் கையில் ஊரிலுள்ள வீடுகள் அனைத்தின் சாவியையும் கொடுத்துவைத்தது போன்றது இது.

அதன் விளைவு 1988 நவம்பர் 2-ஆம் நாள் தெரிந்தது. கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் டாப்பன் மாரிஸ் விடுவித்த ஒரு நிரற்புழு, தன்னைத்தானே பெருக்கிக்கொண்டு, அக்கால இணையத்திலிருந்த யந்திரங்களுள் பல்லாயிரத்தை முடக்கிற்று. சுமார் 6,000 என்பது அந்நாளில் கூறப்பட்ட மதிப்பீடு. அது நுழைந்த வழிகளுள் ஒன்று சென்ட்மெயில். பிழை திருத்துவோர் வசதிக்காக விடப்பட்டிருந்த ஒரு வாயில், பல யந்திரங்களில் மூடப்படாமலே கிடந்தது. அதன் வழியே, கடிதத்துக்குப் பதிலாகக் கட்டளையை அனுப்பி நிறைவேற்ற முடிந்தது. அவ்விளைஞரின் தந்தையாரும் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸின் கடவுச்சொற் காப்புக்கு உழைத்தவர் என்பதும், மகன் செய்தபோது அவர் அரசின் கணினிப் பாதுகாப்பு மையத்தில் உயர்பதவி வகித்தார் என்பதும், ஏதோ நாடகத்தில் வருவதுபோல் இருக்கின்றன. ஆனால் மெய்யே.

இக்குறையை நீக்கப் பலர் முனைந்தனர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிலிப் ஹேசல் 1995-இல் ‘எக்ஸிம்’ எழுதினார். டெபியன் என்னும் லினக்ஸ் வகை நெடுங்காலம் அதையே தன் இயல்பான தபால்காரராக வைத்திருந்தது. டேனியல் பெர்ன்ஸ்டைன் என்னும் கணித அறிஞர் ‘கியூமெயில்’ எழுதி, அதில் பாதுகாப்புப் பிழை காண்பவருக்கு 500 டாலர் பரிசென்று 1997-இல் அறிவித்தார். அவர் செய்த மற்றொரு நன்மை, அந்த நீண்ட ஒற்றைக்கோப்பை உடைத்தமை. ‘மெயில்டிர்’ என்னும் அவருடைய முறையில் ஒவ்வொரு கடிதமும் தனிக்கோப்பு. எழுதி முடியும்வரை ஓர் அடைவில் இருக்கும். முடிந்ததும் ‘புதிது’ என்னும் பொருளுடைய அடைவுக்கு நகரும். படித்தபின் மூன்றாவதற்குப் போகும். இருவர் ஒரே நேரத்தில் ஒரே கோப்பில் எழுதிக் கடிதங்கள் கலந்துவிடும் அச்சமும் இல்லை, அம்புக்குறியும் தேவையில்லை.

ஹாலந்து நாட்டவரான வீட்சே வெனிமா, ஐ.பி.எம். ஆய்வு நிலையத்தில் இருந்தபோது எழுதி 1998 டிசம்பரில் வெளியிட்டதே ‘போஸ்ட்ஃபிக்ஸ்’. எனக்கு இதன்மேல் ஒரு தனிப்பற்று உண்டு. காரணம், இது நம்மூர்த் தபாலாபீஸை அப்படியே ஒத்திருக்கிறது. பெட்டியைத் திறந்து கடிதங்களை எடுப்பவர் ஒருவர். முகவரியைச் சீர்செய்பவர் ஒருவர். வரிசையைக் கவனிப்பவர் ஒருவர். உள்ளூர்ப் பட்டுவாடாவுக்கு ஒருவர். வெளியூர் மூட்டைக்கு ஒருவர். இவர்கள் அனைவரையும் எழுப்பியும் ஓய்வு கொடுத்தும் மேற்பார்க்கும் போஸ்ட்மாஸ்டர் ஒருவர். ஒருவர் வேலையில் மற்றவர் தலையிடார். ஒருவரிடம் கள்வன் புகுந்தாலும் எல்லாச் சாவிகளும் அவன் கைக்கு வாரா.

ஒன்றைக் கூறாமல் விட மனம் வரவில்லை. எக்ஸிமை வைத்தாலும், போஸ்ட்ஃபிக்ஸை வைத்தாலும், அவை லினக்ஸில் ‘சென்ட்மெயில்’ என்ற பெயரில் ஒரு கட்டளையைக் கட்டாயம் வைத்திருக்கும். ஏனைய நிரல்கள் கடிதம் அனுப்ப வேண்டுமானால் அப்பெயரைச் சொல்லியே கூப்பிடுகின்றன. சீசர் என்பது ஓர் ஆளின் பெயராயிருந்து, பின்னர் ஜெர்மனியிலும் ருஷ்யாவிலும் பேரரசர்களின் பட்டமாகிவிடவில்லையா? அதுபோல!

மேஜைமேல் வைத்துக்கொண்டு ஒருவரே பயன்படுத்தும் கணினியில் எவருக்கு எவர் கடிதம் எழுதுவது என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. அங்கே எழுதுகிறவை நிரல்கள். குறித்த நேரத்தில் குறித்த வேலையைச் செய்யும் ‘கிரான்’ என்னும் நிரலை நாம் இரவுக் காவல்காரர் எனலாம். பால் விக்ஸி 1987-இல் எழுதிய அதன் வடிவமே லினக்ஸில் பரவியது. அவ்வேலையின்போது ஏதேனும் சொல் திரையில் தோன்ற வேண்டியிருந்தால், நள்ளிரவில் பார்க்க ஆளில்லாமையால், கிரான் அதைக் கடிதமாக்கி உரியவர் பெட்டியில் இடும். வன்தட்டின் உடல்நிலையைச் சோதிக்கும் நிரல் ஒன்றும் உண்டு. தட்டு பழுதாகும் அறிகுறி கண்டால் அதுவும் கடிதம் எழுதும்.

இனி என் கதை. 2011-ஆம் ஆண்டில் நான் தலைமையாசிரியராயிருந்த பள்ளியின் அலுவலகத்தில், பழைய மாணவர் ஒருவர் லினக்ஸை நிறுவிக் கொடுத்திருந்தார். எங்கள் சேர்க்கைப் பதிவேடுகள் 1948 முதல் உள்ளவை. பிறந்த தேதிக்குச் சான்று வேண்டி முதியோர் பலர் எங்களிடம் வருவதுண்டு. ஓய்வூதியமும் வாரிசுரிமையும் சில வேளை அந்த ஒரு வரியையே நம்பி நின்றன. தாள்கள் பொடியத் தொடங்கியதால், கோடை விடுமுறைகள் இரண்டில், மேல்வகுப்பு மாணவர்கள் முறைவைத்து உட்கார்ந்து அவற்றைக் கணினியில் ஏற்றினார்கள். ஒவ்வோர் இரவும் இரண்டு மணிக்கு இன்னொரு வன்தட்டில் காப்புப்படி எடுக்க அம்மாணவர் ஏற்பாடு செய்திருந்தார். காப்புப்படி இருக்கிறது என்ற துணிவில் நான் பதிவேடுகளைப் பழைய அறையிலேயே விட்டுவைத்தேன்.

ஒரு நாள் முதல் தட்டு நின்றுவிட்டது. கவலையின்றி இரண்டாவதைத் திறந்தோம். அதிலிருந்த கடைசிப் படி ஏழு மாதத்துக்கு முந்தியது. இரண்டாம் விடுமுறையின் உழைப்பு முழுவதும் அதில் இல்லை. அம்மாணவரை வரவழைத்தேன். அவர் நிர்வாகப் பயனராக நுழைந்து ‘மெயில்’ என்று தட்டினார். இருநூற்றுக்கும் மேற்பட்ட கடிதங்கள்! ஒவ்வோர் இரவும் இரண்டு மணிக்கு எழுதப்பட்டவை. எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: தட்டில் இடமில்லை.

“சார், ஏழு மாசமா உங்களுக்குத்தான் எழுதிக்கிட்டே இருந்திருக்கு” என்றார் அவர்.

பழைய அறைக்கு ஓடினோம். 1956 முதல் 1959 வரையிலான பதிவேட்டைக் கறையான் தின்றிருந்தது. அதில் எத்தனை பெயர்கள் என்று எண்ணிச் சொல்லக்கூட எங்களிடம் ஒன்றுமில்லை. அதன் பின்னர், 1957-இல் சேர்ந்தவர் என்று சொல்லிக்கொண்டு ஒரு மூதாட்டி வந்தார். வகுப்பாசிரியர் பெயரைச் சொன்னார். தாம் அமர்ந்த சன்னலைக் கூடக் காட்டினார். எழுதிக்கொடுக்க என்னிடம் வரி இல்லை. எவரையும் நான் குறைகூறுவதற்கில்லை. நாங்கள் அனைவரும் சாதாரணப் பயனராகவே நுழைந்தோம்; கடிதங்களோ ‘ரூட்’ என்னும் நிர்வாகியின் பெட்டிக்குச் சென்றன. வாசல் ஒன்று, பெட்டி வேறொன்று. நிர்வாகியின் பெட்டியை இன்னார் பார்க்க வேண்டும் என்று ஒரு வரி எழுதிவைத்திருந்தால் போதும்.

அந்த ஒரு வரி எங்கே இருக்கிறது என்பதைக் கூறிவிடுகிறேன். டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸில் போஸ்ட்ஃபிக்ஸ் என்னும் பொதியையும், கடிதம் படிக்கும் ‘மெயில்யூட்டில்ஸ்’ என்னும் பொதியையும் நிறுவுங்கள். நிறுவும்போது எவ்வகை அஞ்சல் வேண்டும் என்று அது வினவும். ‘லோக்கல் ஒன்லி’, அஃதாவது உள்ளூர் மட்டும் என்பதைத் தேர்ந்துகொள்ளுங்கள். வெளியூருக்கு நேரே அனுப்ப ஆசைப்பட வேண்டாம். வீட்டு இணைப்பிலிருந்து வரும் கடிதங்களைப் பெரிய நிலையங்கள் பெரும்பாலும் வாங்குவதில்லை. 25-ஆம் கதவையே அடைத்துவிடும் இணைப்பு நிறுவனங்களும் பல. எவர் கடிதத்தையும் எவருக்கும் கைமாற்றிவிடும் பழைய பெருந்தன்மையை வேண்டாத விளம்பரக்காரர்கள் சுரண்டியதால், சென்ட்மெயிலே 1998-இல் அதை நிறுத்திக்கொண்டது.

அடுத்து, ‘இடிசி’ என்னும் அடைவிலுள்ள போஸ்ட்ஃபிக்ஸின் முதன்மை அமைப்புக் கோப்பில், எந்த இடைமுகங்களில் செவிசாய்க்க வேண்டும் என்னும் வரி, யந்திரம் தன்னோடு தானே பேசும் உள்வளையத்தை மட்டும் குறிக்கிறதா என்று பாருங்கள். அதன் எண் 127.0.0.1. தெருவாசலை அடைத்து, உள்வாசலை மட்டும் திறந்துவைப்பது இது. பின்னர், அதே ‘இடிசி’ அடைவில் ‘ஏலியாசஸ்’ என்னும் கோப்பைத் திறந்து, ரூட் என்று எழுதி, முக்காற்புள்ளி இட்டு, நீங்கள் நாள்தோறும் நுழையும் உங்கள் பயனர்பெயரை எழுதுங்கள். எழுதினால் மட்டும் போதாது. ‘நியூஏலியாசஸ்’ என்னும் கட்டளையைக் கொடுத்தால்தான் தபால்காரர் புதிய பட்டியலைக் கையில் எடுப்பார். இப்படியை மறப்பவர் பலர்; நானும் மறந்தேன்.

இனி ரூட்டுக்கு ஒரு வரிக் கடிதம் அனுப்பிப் பாருங்கள். ‘வார்’ அடைவின் ‘மெயில்’ பகுதியில் உங்கள் பெயரில் ஒரு கோப்பு தோன்றியிருக்கும். அதைச் சாதாரண எழுத்துக்கோப்பாகத் திறந்தால், தலையில் அந்த ‘ஃப்ரம்’ முத்திரை நிற்பதைக் காணலாம். 1970-களின் வழக்கம் ஒன்றை உங்கள் மேஜையின்மேல் கண்ணாரக் காண்கிறீர்கள். நாள்தோறும் படிக்க ‘மட்’ போன்ற எழுத்துவழிப் படிப்பான் போதுமானது. மைக்கேல் எல்கின்ஸ் 1995-இல் எழுதியது அது. பெர்க்லியில் கடிதம் வந்ததும் அறிவிக்க ‘பிஃப்’ என்று ஒரு கட்டளை வைத்திருந்தார்கள். அங்கே மாணவி ஒருவர் வளர்த்த நாயின் பெயர் அது. தபால்காரரைக் கண்டால் குரைத்ததால் அப்பெயர் வந்தது என்பார்கள்; வளர்த்தவரே அதை மறுத்துவிட்டார்.

இந்நாளில் பல லினக்ஸ் வகைகள் தபால்காரரை உடன் அனுப்புவதில்லை. ஃபெடோரா, 2013 டிசம்பரில் வெளிவந்த தன் 20-ஆம் பதிப்பு முதல், சென்ட்மெயிலை இயல்பாக நிறுவுவதை விட்டுவிட்டது. மேஜைக் கணினியில் அதை எவரும் படிப்பதில்லை என்பது வாதம். எங்கள் பள்ளியை எண்ணும்போது அவ்வாதத்தைப் பொய்யென்று கூற எனக்கு வாயில்லை. ஆனால் விளைவைப் பாருங்கள். தபால்காரர் இல்லாத உபுண்டுவிலோ டெபியனிலோ கிரானுக்குக் கடிதம் எழுத நேர்ந்தால், அஞ்சல் நிரல் ஏதும் நிறுவப்படவில்லை, ஆகவே வெளியீடு வீசி எறியப்படுகிறது என்று பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டு அது தன் வழியே போய்விடுகிறது. எங்கள் கடிதங்களாவது பெட்டியில் கிடந்தன; தாமதமாகவேனும் படித்தோம்.

ஓய்வுபெற்றபின் என் வீட்டுக் கணினியில் போஸ்ட்ஃபிக்ஸை நானே அமைத்தேன். அந்தப் பள்ளியில் எஞ்சிய பதிவேடுகளின் படி ஒன்று இப்பொழுது இசைவோடு என்னிடமும் இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கே காப்புப்படி எடுக்கப்படுகிறது. வேலை முடிந்தால் முடிந்தது என்றும் எழுதுமாறு சொல்லியிருக்கிறேன். மௌனத்தை நான் நம்புவதில்லை. காலையில் காப்பிக்கு முன் பெட்டியைத் திறக்கிறேன். இன்றைய கடிதத்தில் 11,482 வரிகள் சரிபார்க்கப்பட்டன என்று இருந்தது.